அவர்கள் வீட்டு நூடுல்ஸ்

அம்மா,

இன்றைக்குத் தையல் யூனிட்டை விட்டுக் கிளம்பவே ஆறு மணி ஆகிவிட்டது. வெலிங்டனில் பஸ் பிடித்து, குன்னூரில் இறங்கி, மேட்டில் ஏறி வருவதற்குள் பனிமூட்டம் நம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. பிள்ளைகள் இரண்டும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "பசிக்குதும்மா" என்றான் சின்னவன். சோறு வடித்துக் குழம்பு கூட்ட நேரமில்லை. இரும்புச் சட்டியைக் காயவைத்து, காயை வதக்கி, வேகவைத்த நூடுல்ஸைக் கொட்டி, சட்டியின் ஓரமாகச் சோயா சாஸை ஊற்றினேன். சட்டி சீறியது. கருகலும் உப்பும் இனிப்புமாக ஒரு வாசனை எழும்பியது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். நான் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் உனக்கு வருஷத் திதி. உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும் என்று அத்தை ஃபோனில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உனக்கு என்ன பிடிக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. கடைசி வருஷங்களில் நீ எங்களோடுதான் இருந்தாய். ஆனால் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாய். உட்காரச் சொன்னால், "பழகிப் போச்சு புள்ள" என்பாய். யார் வீட்டில் பழகியது என்று எனக்குத் தெரியும். அதனால் மறுபடி சொன்னதில்லை.

நூடுல்ஸை மட்டும் நீ சொன்ன மாதிரியே செய்கிறேன். முக்கால் வேக்காட்டில் வடித்து, உடனே பச்சைத்தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி வைப்பது. இந்த மலையில் குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரிதான் வரும், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. காய்க்கும் குறைவில்லை. என் வீட்டுக்காரர் பிக்கட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்கப்பில் காய் ஏற்றிப் போகிறவர். மூட்டையில் உடைந்த கேரட்டும் மேல்தழை கழன்ற முட்டைக்கோசும் வீட்டுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் தீக்குச்சி கனத்தில் அரிந்து, பூண்டைத் தட்டி, சாஸைக் கிண்ணத்தில் கலந்து வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். "அடுப்பு பத்தவைக்கிறதுக்கு முந்தி எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். தேடிக்கிட்டு நின்னா கருகிப் போகும்" என்பாய். நல்ல பேச்சுதான். நான் எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில்தான் நீ அதைக் கற்றுக்கொண்டாய் என்பதை மறந்துவிட முடிந்தால், இன்னும் நல்ல பேச்சாக இருந்திருக்கும்.

தேயிலைக்கு விலை இல்லாமல் போய், நம் தோட்டத்தைப் பூட்டிய வருஷம் அது. லயத்து வரிசை வீடுகளில் பாதி காலியாகிவிட்டன. ஃபாக்டரித் தூசியைக் குடித்துக் குடித்து அப்பாவுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டிருந்தது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நீ சின்னப் பிள்ளையில் இலங்கையில் இருந்து கப்பலேறி வந்தவள். ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்கு வந்தவர்களுக்குப் புறப்படுவது பெரிய விஷயமில்லை போலிருக்கிறது. கூடலூர்ப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் மூலம் சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்து வேலை கிடைத்தது. "இங்க இருந்து ஒண்ணும் செய்ய ஏலாது" என்று அப்பாவிடம் சொன்னாய். என்னிடம், "அம்மா சீக்கிரம் வந்துருவேன்" என்றாய். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சீக்கிரம் என்றால் முழுப்பரீட்சை லீவுக்குள் என்று நினைத்தேன்.

நீ போன பிறகு என்னை வளர்த்தது அடுத்த வீட்டில் இருந்த அத்தைதான், அப்பாவின் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டத்து முக்குக் கடைக்கு நீ ஃபோன் பண்ணுவாய். அத்தையும் நானும் குளித்து, தலைசீவி, கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போலப் போய்க் காத்திருப்போம். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. "என்னம்மா சமைச்ச?" என்று கேட்பேன். நீ சொல்லத் தொடங்குவாய். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவள் மெய் லின், அடுத்து ஒரு தம்பி. தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலைக்குப் போய் இருட்டித்தான் வருவார்கள். புதன்கிழமை பிள்ளைகளுக்கு ட்யூஷன், வந்ததும் பசியில் கத்தும், அதனால் புதன்கிழமை என்றால் நூடுல்ஸ். மெய் லின் கேரட்டைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிடுவாள். தம்பிக்கு மேலே முட்டை பொரித்துப் போட்டால்தான் இறங்கும். இப்படியே சொல்லிக்கொண்டு போவாய். உன் குரலில் அப்போது ஒரு தெளிச்சி இருக்கும். என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கும்போது அது இருக்காது. "நல்லா படி" என்று மட்டும் சொல்வாய்.

அவர்களுடைய புதன்கிழமை முழுக்க எனக்குத் தெரியும். என்னுடைய ஒரு கிழமைகூட உனக்குத் தெரியாது.

அப்பா இறந்தது நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. காலையில் சுடுதண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். அத்தை அலறிய அலறலில் லயமே கூடிவிட்டது. முக்குக் கடைக்காரர்தான் உன் நம்பருக்கு அடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா எடுத்து, உன்னைக் கூப்பிட்டு, நீ வருவதற்கு நேரம் ஆனது.

"அம்மா, அப்பா செத்துப் போயிட்டாரு" என்றேன்.

உனக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

"எப்ப?"

"இப்பத்தான். காலையில. நீ எப்ப வர்ற?"

"கேட்டுட்டுச் சொல்றேன் புள்ள."

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாய். "லீவு தர மாட்டேங்குறாங்க. காத்திருக்க வேணாம். நீங்களே பாத்துக்குங்க" என்றாய். உன் குரல் அழவில்லை. அளந்து வைத்த மாதிரி இருந்தது. அத்தை ஃபோனைப் பிடுங்கிக் கத்தியது. நீ வைத்துவிட்டாய். மறுநாள் காலையில் லயத்துக்குக் கீழே இருக்கும் மயானத்தில் அத்தை மகன் மண் தள்ள, அப்பாவைப் புதைத்தோம். வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்து, "உங்கம்மா வரலையா?" என்று கேட்டார்கள். "லீவு தரல" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல, பார்க்காத அந்தச் சீனக்காரிமேல் எனக்கு வெறி ஏறியது. அவள் வீட்டுக் கதவும் அவள் பிள்ளைகளும் அவள் தட்டும் எல்லாம் உடைந்துபோகட்டும் என்று நினைத்தேன். அந்த வெறியை வைத்துக்கொண்டுதான் அந்த வருஷத்தைத் தாண்டினேன். அது எனக்கு ஒரு ஆள்துணை மாதிரி இருந்தது.

சில மாதங்கள் கழித்து நீ வந்தாய். ஒரு மாத லீவு. அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாய். அன்றைக்குச் சாயங்காலமே, கொண்டுவந்த பையில் இருந்து நூடுல்ஸையும் சாஸ் பாட்டில்களையும் எடுத்து விறகடுப்பில் எனக்குச் சமைத்தாய். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாய்.

"நல்லா இருக்கா?"

"ம்."

"மெய் லின் முள்ளுக்கரண்டியில சுத்தி எடுப்பா. நீ கையாலயே சாப்புடு, பரவால்ல."

தட்டைத் தள்ளிவிட்டிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருக்கும். நான் தள்ளவில்லை. முழுக்கச் சாப்பிட்டேன். அதுவரை நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசியாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு ருசியை வாராவாரம் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள், கேரட்டைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு.

நீ மறுபடி போனாய். என் கல்யாணத்துக்கு வந்து, கல்யாணம் முடிந்த நாலாம் நாளே போனாய். அந்தப் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகு, இனி ஆள் தேவையில்லை என்று ஆனபோதுதான், மொத்தமாக வந்தாய். அவர்களுக்குத் தேவை முடிந்த பிறகு எனக்குக் கிடைத்தாய். அப்போது எனக்கும் தேவை முடிந்துதான் இருந்தது. ஆனால் வா என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

குன்னூர் வீட்டில் உன்னை எல்லாருக்கும் பிடித்தது, அதையும் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலையேறி, களைத்து வந்து உட்கார்ந்து, இரண்டு தட்டு காலி செய்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டியில கடை போட்டீங்கன்னா கூட்டம் தாங்காதுங்க" என்பார். நீ சிரிப்பாய். பிள்ளைகள் "அம்மிச்சி, அம்மிச்சி" என்று உன் முந்தானையிலேயே கிடந்தார்கள். நீ அவர்களுக்குத் தலைசீவினாய், நகம் வெட்டினாய், ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டாய். ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அடுப்படியில் இருந்து என் மகளைக் கூப்பிட்டாய். "மெய், தட்டு எடு புள்ள."

அவள் வந்து, "அம்மிச்சி, மெய்யின்னா என்ன? உண்மையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நாக்கு பொரண்டுருச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

"அப்பா செத்தப்ப நீ ஏம்மா வரல?"

"அதான் அப்பவே சொன்னேனே. லீவு தரல." கேரட் அரிந்துகொண்டிருந்தாய். கத்தி நிற்கவில்லை. அரிந்த துண்டுகளில் ஒன்றுகூடக் கனம் மாறவில்லை.

போன மார்கழியில், புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். காய் இறக்காத வண்டியிலேயே என் வீட்டுக்காரர் உன்னை ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. தோட்டத்து மயானத்துக்கே கொண்டுபோனோம். தோட்டம் இப்போது வேறு யாரோ கையில் நடக்கிறது. லயத்தில் அத்தை இன்னும் இருக்கிறது. அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றபோது, நான் "அங்க வேண்டாம்" என்றேன்.

"பின்ன எங்க வைக்கச் சொல்ற?" என்று அத்தை கேட்டது. "சிங்கப்பூருலயா?"

"அவரு தனியாப் போனாரு அத்த. இப்ப வந்து பக்கத்துல படுத்துக்கிறதா?" என்றேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். "உடு புள்ள. பொணத்துக்கிட்டயா கணக்குப் பாக்குறது" என்றார். உன்னை அப்பாவின் பக்கத்திலேயேதான் வைத்தார்கள்.

முப்பதாம் நாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். உன் ஃபோன் அடித்தது. அதை ஏன் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. வெளிநாட்டு நம்பர்.

"பெரியம்மா?" என்று ஒரு பெண் குரல். "பெரியம்மா, நான் மெய். ஏன் ஃபோன் எடுக்கல? எனக்குப் பயந்து போச்சு."

தமிழில் பேசினாள், அம்மா. உடைந்த தமிழ்தான், ஆனால் உன் தமிழ். நான் யாரென்று சொன்னேன். நீ இறந்துபோனதைச் சொன்னேன். அவள் அழுதாள். அப்படி ஒரு அழுகையை உன் சாவில் நான் கேட்கவில்லை, நானும் அழவில்லை. "அக்கா, எனக்குப் பேச ஏலாது, அக்கா" என்றாள். அந்த 'ஏலாது'வைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நம் லயத்தில் உன் வயசுக்காரர்கள் மட்டும் சொல்லும் சொல். என் வாயில்கூட வராது. அதை ஒரு சீனப் பெண் சொல்கிறாள்.

நான் எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். அவளுக்குப் புரியவேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் தமிழிலுமாகச் சொன்னேன். "எங்க அப்பா செத்தப்ப உங்க வீட்டுல லீவு குடுக்கல. எங்கம்மாவை அனுப்பல. நான் மறக்கல."

அவள் மெதுவாக, இங்கிலீஷில், நான் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்றைக்கே அவளுடைய அம்மா டிக்கெட் வாங்கிவிட்டாளாம். டிக்கெட் சாப்பாட்டு மேசையில் கிடந்ததாம். நீதான் போகமாட்டேன் என்று சொன்னாயாம். அவள் அம்மா திட்டிக்கூடப் பார்த்திருக்கிறாள். நீ அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல நூடுல்ஸ் செய்து பரிமாறினாய். ஏன் போகவில்லை என்று மெய் லின் கேட்டதற்கு நீ சொன்னதை அவள் தமிழிலேயே சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி:

"போனா எம்புள்ள என்னைப் புடிச்சுக்குவா. பெறகு என்னால வர ஏலாது."

எதை நம்புவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அது நிஜமாகவே உன் மனசில் இருந்ததா, இல்லை கேள்வி கேட்ட ஒரு சின்னப் பெண்ணின் வாயை அடைக்கச் சொன்னதா? நிஜமென்றால் அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? செத்துப்போன அப்பாவுக்கும் சொல்லாமல், திட்டித் தீர்த்த அத்தைக்கும் சொல்லாமல், பக்கத்தில் நின்று கேட்ட எனக்கும் சொல்லாமல், அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். லீவு தராதவர்கள் என்று ஒரு குடும்பத்தின்மேல் வெட்கமில்லாமல் பழியையும் போட்டாய். அந்தப் பழியை ஊரெல்லாம் தூக்கிச் சுமந்தது நான்.

பிடித்திருப்பேன், அம்மா. அது உண்மை. விட்டிருக்கவே மாட்டேன். பிடித்தால் நின்றிருக்க வேண்டியதுதானே.

அழுது ஓய்ந்த பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். அவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. வேலை முடிந்து வந்து, அவசரத்துக்கு அந்த நூடுல்ஸைத்தான் செய்கிறாளாம். எல்லாம் சரியாகப் போட்டும் உன் ருசி வரவில்லையாம். "பெரியம்மா கடைசியில ஒரு சிவப்பு சாமான் போடுவாங்க. இந்தியாவுல இருந்து கொண்டுவந்த பாட்டில். அது என்ன, அக்கா? எல்லாக் கடையிலும் தேடிட்டேன்" என்றாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பா போன பிறகு நீ வந்த அந்த ஒரு மாதத்தில், கிளம்புவதற்கு முந்தின நாள், மாசிக் கருவாட்டையும் காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உரலில் போட்டு என்னை இடிக்கச் சொன்னாய். கண்ணெரிச்சலோடு உட்கார்ந்து இடித்தேன். அத்தை அதை எண்ணெயில் சுருள வதக்கி பாட்டிலில் அடைத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு, ஊருக்கு வந்து சிங்கப்பூர் திரும்புகிறவர்கள் யார் கையிலாவது வருஷா வருஷம் இடித்து அனுப்பினேன். தனியாகக் கிடக்கிறாயே, சோற்றில் பிசைந்து சாப்பிடும்போதாவது நம் லயத்து ஞாபகம் வரட்டும் என்று நினைத்தேன். கையெல்லாம் எரிய எரிய இடித்தேன். நீ அதை அவர்கள் தட்டில் போட்டிருக்கிறாய்.

"அது என்ன, அக்கா?" என்று மறுபடி கேட்டாள்.

"தெரியலயே" என்றேன். "எங்கிட்ட அம்மா சொல்லல."

அவள் நல்ல பெண், அதில் சந்தேகமில்லை. இப்போதும் அவ்வப்போது படம் அனுப்புகிறாள். தட்டில் நூடுல்ஸ், மேலே ஒரு பொரித்த முட்டை, பக்கத்தில் அவள் குழந்தையின் சின்னக் கை. சாஸைக் கூட்டிப் பார்த்தேன், மிளகாயைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் வரவில்லை என்று எழுதுகிறாள். படத்தைப் பார்த்தாலே என்ன குறை என்று எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதினால் போதும். மாசி அங்கேயும் தமிழர் கடையில் கிடைக்கும்.

எழுதவில்லை. சாயங்காலங்களையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்தாய், காரணத்தைக்கூட அவர்களிடம்தான் சொல்லிவிட்டுப் போனாய். நான் இடித்ததாவது என்னிடம் இருக்கட்டும். இன்றைக்கும் அடுப்பை அணைக்கும் முன்னால் ஒரு கரண்டி போட்டுப் புரட்டினேன். பிள்ளைகள் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள். நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, சூடாக இருக்கும்போதே சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டது உனக்கு வருத்தமாக இருக்கும்.

இருக்கட்டும்.